காலிலிருந்து தொடங்குகிறவள்

முகத்தை அவள் கடைசியில்தான் வரைவாள்.
சிலவேளை வரையவே மாட்டாள்.
"அது பிறகு வரும், நீ காலைக் காட்டு" என்பாள்.

கரடிப்போக்குச் சந்திக்கு இப்பால்
டயர்க்கடையின் மேல்மாடி.
ஐந்து கணினி, ஒரு மின்விசிறி.
கீழே காற்றடிக்கும் மெசின் தொடங்கினால்
எங்கள் சண்டைக்காரர் எல்லாருக்கும்
திரையில் மெல்ல நடுக்கம் பிடிக்கும்.
தர்மிகா இயக்குநர். நான் அசைவு வரைகிறவன்.

புதிதாய் ஓர் ஆளைக் கொண்டுபோனால்
என்ன அடி, எத்தனை கொம்போ என்று கேட்கமாட்டாள்.
"சண்டைக்கு வரமுதல் இவன்
என்ன செய்துகொண்டு நிண்டவன்?"
தெரியாது என்றால் அந்தக் கோப்பு
அன்றைக்கே குப்பைக்கூடைக்குப் போகும்.

விசுவமடு ஞானசீலன் நெல்வெட்டு மெசின் ஓட்டுகிறவன்.
நாள் முழுக்க அதிர்ந்த கை
குத்தின பிறகும் ஒன்பது பிரேமுக்கு நடுங்கும்.
அந்த ஒன்பதுக்குள் அவனை ஆரும் அடிக்கலாம்.

செல்வமலர் முகமாலையில் கண்ணிவெடி அகற்றுகிறவள்.
பாயமாட்டாள், ஓடமாட்டாள்.
நுனிக்கால் முதலில் நிலத்திடம் ஏதோ கேட்கும்,
பதில் வந்த பிறகே குதி இறங்கும்.
விளையாடிப் பார்த்த பெடியள் ஏசினார்கள்:
"அக்கா, இவள் கிட்டப் போறதுக்குள்ள ரைம் முடிஞ்சிடும்."
"முடியட்டும்."
ஆனால் அவள் ஒருமுறை வைத்த காலை
எந்த அடியாலும் பின்னுக்குத் தள்ள இயலாது.
அதை நாங்கள் எங்கும் எழுதி வைக்கவில்லை.
தோற்றுத் தோற்றுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அருள்நேசனுக்கு இடக்கால்
முழங்காலுக்குக் கீழே பொருத்தியது.
அடிபடும் பெட்டிகளை வழக்கம்போலப் பூட்டினேன்:
தலை, நெஞ்சு, தொடை, இரண்டு கால்.
அவள் வந்து குந்தியிருந்து
இடக்காலின் பெட்டியை மட்டும் அழித்தாள்.
இப்போது அங்கே எவ்வளவு உதைத்தாலும்
டொக் என்றொரு சத்தம்.
உயிர்க்கோட்டில் ஒரு புள்ளியும் குறையாது.
"அநியாயம் அக்கா," என்றான் கஜீபன்,
"சமநிலை கெட்டுப்போகும்."
"கெட்டதுதானே," என்றாள்.

ரொறன்ரோவிலிருந்து காசு போடுகிறவர்
ஒரு நாள் வீடியோவில் வந்தார்.
"எல்லாம் நல்லாத்தான் இருக்கு தங்கச்சி.
போராளி ஒருத்தரும் இல்லையோ?
வரி உடுப்போட ஒண்டு போட்டால்
இஞ்ச நல்லா விக்கும்."
தேத்தண்ணியில் விழுந்த எறும்பை
விரலால் எடுத்துவிட்டுச் சொன்னாள்:
"எட்டுப் பேரும் சண்டைதானே அண்ணை பிடிக்கினம்."
பிறகு இணைப்பு அறுந்தது.
அறுந்ததா, அறுத்தாளா, நான் கேட்கவில்லை.
அந்த மாதச் சம்பளம் இருபதாம் திகதிதான் வந்தது.

எட்டுப் பேரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான்
களத்தில் இறங்குவார்கள்.
அருள்நேசன் ஒன்றை மட்டும்.
வென்றவர் கை உயர்த்துவதில்லை, உறுமுவதில்லை.
திரும்பிப் போய்ச் செருப்பைத் தேடுவார், அவ்வளவுதான்.
தோற்றவரின் சோடி அந்த மூலையிலேயே கிடக்கும்,
அடுத்த சுற்று ஏறும் வரைக்கும்.

அந்தத் தேடலுக்காக இரண்டு கிழமை மினக்கெட்டேன்.
முதுகு வளைய, குனிந்து, கையால் எடுக்கிறமாதிரி.
நிழல்கூடச் சரியாய் விழுந்தது.
ஒரே பார்வைதான் பார்த்தாள்.
"செருப்பை ஆர் கையாலை தேடுறது?"
எனக்குக் கோபம்.
சம்பளம் பிந்தின கோபமும் அதற்குள் இருந்தது.

நேற்று ஏழு மணிக்குக் கரண்ட் போனது.
சேமிக்காத வேலைக்காய் ஆளாளுக்குத் திட்டிவிட்டு
படியால் இறங்கினோம்.
கைபேசியில் சார்ஜ் இருந்த ஒருத்தன்
முன்னாலேயே போய்விட்டான்.
கீழ்ப்படியில் மிச்சம் நாலு சோடி,
இருட்டில் ஒன்றோடொன்று கலந்து.

ஒருத்தரும் குனியவில்லை.

பெருவிரல்தான் முதலில் போனது.
ஒரு விளிம்பைத் தொட்டு, இது இல்லை என்று திரும்பி,
இன்னொன்றின் தேய்ந்த குதியைத் தடவி,
சந்தேகத்தோடு வாருக்குள் நுழைந்து, நின்று.
நான் மனதுக்குள் எண்ணத் தொடங்கிவிட்டேன்.
முப்பத்தொரு பிரேம் வரும்.
நடுவில் நாலு, ஒன்றும் அசையாமல்.

"அது என்ர செருப்பு," என்றாள் தர்மிகா
இருட்டுக்குள் இருந்து.